கரட்டுச் சரிவில் ஒரு குழி

என் கணவர் மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வதற்கு முன்னால், அந்த மண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அன்றைக்கு நாங்கள் ஏன் அப்படிப் பயந்தோம் என்பது புரியாது.

நான் மொரப்பூர் பக்கத்துச் செம்மண்ணில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் மழை பெய்தால் தண்ணீர் சிவப்பாக ஓடும். வெயில் அடித்தால் காய்ந்துபோகும். மண்ணைப் பற்றி அதற்கு மேல் நான் யோசித்ததில்லை. கல்யாணமாகி ஏரியூர் பக்கம் வந்த பிறகுதான் வேறு மாதிரியான மண்ணில் கால் வைத்தேன். கணவர் குடும்பத்தின் நிலம் ஒரு கரட்டின் சரிவில் கிடக்கிறது. அடியில் கொஞ்சம் சமதரை. அதில் நிலக்கடலையும் கேழ்வரகும் போடுவோம். அதற்கு மேலே சரிவு முழுக்க ஆடு மேய்கிற இடம். ஏர் இறங்காது. எங்கே பார்த்தாலும் கல். தேங்காயளவு, குடத்தளவு, ஓர் ஆள் சாய்ந்து உட்காருகிற அளவு. நடுநடுவே ஊசிப்புல்லும் வெள்வேல மரங்களும். புதிதாகப் பார்க்கிறவர்கள் வெறும் கல்லுக்காடு என்றுதான் நினைப்பார்கள். ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் களிமண். கல் மேலோடு நின்றுவிடுவதும் இல்லை. கடலை உருண்டையில் கடலை இருப்பதுபோல, களிக்குள்ளே ஆழம் வரைக்கும் புதைந்திருக்கும்.

பங்குனி சித்திரையில் அந்தக் களி சுருங்கி வெடிக்கும். சில வெடிப்புகளில் என் கை முழங்கை வரைக்கும் இறங்கும். ஆட்டுக்குட்டிகள் கால் மாட்டி ஒடித்துக்கொண்டதும் உண்டு. கடப்பாறை போட்டால் கல்லில் பட்டதா மண்ணில் பட்டதா என்று சத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது. மழை வந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். முதல் மழையில் சரிவில் தண்ணீரே ஓடாது. அவ்வளவும் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். அடுத்தடுத்த மழையில் களி ஊதி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு பெய்கிற தண்ணீர் மேலோடு வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஈரத்தில் நடந்தால் செருப்பில் மண் அப்பி, அடிக்கு அடி கனம் கூடும். நான் வேலை பார்க்கிற பால் சொசைட்டிக்குப் போகும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் வெறுங்காலோடுதான் நடப்பேன்.

சரிவின் அடியில் இருந்த எங்கள் வீட்டையும் இந்த மண் சும்மா விடவில்லை. கோடையில் சுவர் மூலையிலிருந்து ஜன்னல் வரைக்கும் பிளவு ஓடும். கணவர் சிமெண்டு வைத்து அடைப்பார். ஐப்பசியில் வீடு வேறு பக்கம் சாயும். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகப் பிளக்கும். மழைக்காலத்தில் குளியலறைக் கதவு சாத்தாது, கோடையில் சாத்தினால் திறக்காது. கடைசியில் ஒரு வருடம் சமையலறை உத்தரமே சுவரைவிட்டு விலகி நின்றது. அதற்குப் பிறகுதான் புது வீடு கட்டுவது என்று முடிவு செய்தோம்.

தர்மபுரியிலிருந்து வந்த இன்ஜினியர் ஒரு பிடி களியை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேல என்ன கட்டுனாலும் அதையும் சேத்து ஏத்தி எறக்கும். பாறை வர்ற வரைக்கும் தோண்டி, அங்கேருந்து கான்கிரீட் தூணு எழுப்பணும்." அடிவாரத்தில் களி ரொம்ப ஆழம். சரிவில் கொஞ்சம் ஏறினால் பாறை சீக்கிரம் வந்துவிடும் என்றார். அதனால் பழைய வீட்டுக்கு மேலே, வெள்வேல மரங்களைத் தாண்டி இடம் குறித்தோம். ஜேசிபி வந்து குழிகளைத் தோண்டியது. பெரும்பாலானவற்றில் ஆள் உயரத்துக்குள் பாறை தட்டிவிட்டது. ஒரு மூலைக் குழியில் மட்டும் தட்டவில்லை. தோண்டத் தோண்டக் கல்லும் களியுமாகவே வந்தது. ஆள் நின்று கையைத் தூக்கினாலும் எட்டாத ஆழத்தில்தான் பாறை கிடைத்தது. தோண்டிய மண்ணையெல்லாம் குழியின் ஓரத்திலேயே கொட்டி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கோடை மழை பெய்தது. நல்ல மழை. ஆனால் சரிவை ஒட்டிப் போகிற ஓடையில் தண்ணீர் வரவில்லை. எல்லாம் வெடிப்புக்குள் போயிருந்தது. மறுநாள் காலையில் கணவர் இன்ஜினியருக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "குழியில யாரும் எறங்க வேண்டாங்க. நான் வந்து பாத்துட்டு, பலகை குடுத்து முட்டு வெச்சப்பறம் எறங்கலாம்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. கணவரும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றுதான் சொன்னார்.

மதியம் சாப்பிட்டு முடித்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து சத்தம் கேட்டது. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற அக்கா. அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவசரம் வந்தால் அவர் தமிழில் கன்னடம் கலந்துவிடும்.

"பேகா வாங்க, பேகா! சீக்கிரம்! குட்டி குழியில வுழுந்துட்டுது!"

கணவர் கொல்லையில் சாத்தியிருந்த மர ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். மூலைக் குழிதான். அடியில் ஒரு வெள்ளைக் குட்டி சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்தது. அதன் தாய் மேலே ஓரத்தில் நின்று பதிலுக்குக் கத்தியது. அந்த அக்கா அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கணவர் ஏணியை இறக்கினார்.

"என்னாங்க, எறங்கக் கூடாதுன்னு இன்ஜினியர் சொன்னாருல்ல?"

"ஒரு நிமிசம் புள்ள. குட்டிய எடுத்துக் குடுத்துட்டு ஏறிர்றன்."

"கயித்துல சுருக்குப் போட்டு எடுக்கலாங்க."

"அது நிக்கணும்ல, சுருக்குப் போடறதுக்கு" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார்.

குட்டியைப் பிடித்து, ஏணியில் பாதி ஏறி, தலைக்கு மேலே தூக்கினார். அந்த அக்கா மண்டியிட்டு அதை வாங்கிக்கொண்டார். "கை வுட்டுராதீங்க, ஆங், வந்துட்டுது" என்று கணவர் சிரித்தார். கால் செருப்பு ஒன்று கீழே கழன்று கிடந்தது. அதை எடுக்கத் திரும்ப ஒரு படி, இரண்டு படி இறங்கினார்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. பழைய துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மேட்டுப் பக்கத்துச் சுவர் உடையாமல் பலகை மாதிரி மொத்தமாக நழுவி இறங்கியது. அதற்குள் புதைந்திருந்த பாறாங்கல்லும் கூடவே வந்தது. நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. புழுதி எழவில்லை, ஏனென்றால் மண் ஈரம். எல்லாம் உடனே தெளிவாகத் தெரிந்தது. கணவர் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றார். நெஞ்சு வரைக்கும் மண். ஏணியின் ஒரு கால் ஒடிந்து மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மண் நழுவிய இடம் எண்ணெய் தடவித் தேய்த்ததுபோல வழவழவென்று மின்னியது. வெடிப்பில் இறங்கிய மழைத் தண்ணீர் உள்ளே அந்த வழுக்கலில்தான் நின்றிருக்கிறது.

"என்னாங்க! என்னாங்க!"

"இருக்கறன்." குரல் மிகச் சின்னதாக வந்தது. "கால்... கால் மேல கல்லு. கத்தாத புள்ள. மூச்சு... இழுக்க முடியல."

அவர் மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போனது. அந்த இடத்துக்குக் களி இறங்கியது. திரும்ப மூச்சு இழுக்கும்போது அது இடம் விடவில்லை. ஒவ்வொரு மூச்சும் முந்தைய மூச்சைவிடக் குறைவாக இருந்தது. இதை நான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் போன் செய்தேன். பென்னாகரத்திலிருந்து வர வேண்டும். அந்த அக்கா குட்டியை இறக்கிவிட்டுவிட்டு, என் கணவரின் அண்ணன் வீட்டைப் பார்த்து ஓடினார். அவர் வீடு எங்கள் கடலைக் காட்டுக்கு அந்தப் பக்கம். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் சத்தமாகப் பேசியதில்லை.

அவர்கள் வருவதற்குள் குழியைச் சுற்றி ஒருமுறை பார்த்தேன். குழிக்கு மேலே, ஒரு கை நீளத்துக்கு அப்பால், தரையில் வில் மாதிரி வளைந்த ஒரு வெடிப்பு. அது காலையில் இல்லை. கோடை வெடிப்பென்றால் ஓரம் காய்ந்து உதிரும். இதன் ஓரம் ஈரமாக, கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. அடுத்த பலகை நழுவத் தயாராக நிற்கிறது என்று புரிந்தது. நான் நின்ற இடமே அதன் மேல்தான். மெதுவாகக் குனிந்து, கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து பின்வாங்கி வந்தேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். கூடவே நாலைந்து ஆண்கள். குழிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தவர், தலையில் அடித்துக்கொண்டார். உடனே போனை எடுத்தார். கீழே ரோட்டோரம் இன்னொருவர் காட்டில் அந்த ஜேசிபி வேலை செய்துகொண்டிருந்தது. வரச் சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது எங்கள் கடலைக் காட்டுக்குள் திரும்புவது தெரிந்தது. அதன் உறுமல் கேட்டவுடனே குழிச்சுவரிலிருந்து ஒரு கல் கழன்று, கணவரின் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"மாமா, வண்டி வேணாங்க."

அவர் காதில் வாங்கவில்லை. "இந்தப் பக்கம் ஏத்துப்பா!" என்று கையை ஆட்டினார்.

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "மாமா, வண்டிய மேல ஏத்துனா இதுவும் எறங்கிரும். இங்க பாருங்க, புதுசா வெடிச்சிருக்குது. அந்த வெயிட்டுக்குத் தாங்காது."

"நகரு! கையால தோண்டறதுக்குள்ள அவன் செத்துருவான்!"

"வண்டி வந்தா இப்பவே செத்துருவாரு!"

அவர் என்னைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் சிவந்திருந்தது. தம்பி என்றால் அவருக்கு உயிர்; கோபம் கூட அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். ஜேசிபி சரிவை நோக்கி வந்துகொண்டே இருந்தது. குழிக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது.

"அண்ணா... அவ சொல்றத கேளுண்ணா. சொவுரு ஆடுது. எனக்குத் தெரியுது."

மாமா திரும்பி இரண்டு கையையும் தூக்கினார். "நிறுத்து! நிறுத்துடா! வண்டிய ஆஃப் பண்ணு!"

வண்டி அடிவாரத்திலேயே நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். அந்த அமைதியில் கணவரின் மூச்சுச் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

முதலில் ஓரத்தில் குவித்திருந்த மண்ணை அப்புறப்படுத்தினோம். அந்தக் கனம் சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. சட்டி சட்டியாகக் கை மாற்றிச் சரிவின் கீழ்ப் பக்கம் கொட்டினார்கள். தூண் எழுப்புவதற்காக வாங்கி வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளை ஓரத்தில் பரப்பி, அதன் மேல் படுத்துத்தான் எட்டிப் பார்த்தோம். தைல மரக் கழிகளைக் குறுக்கே கொடுத்து, இரண்டு பக்கச் சுவருக்கும் பலகை சாத்தி முட்டு வைத்தார் மாமா. ஒவ்வொரு கழியையும் இறுக்கி, உதைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்ததற்குப் போனார்.

யாராவது உள்ளே இறங்க வேண்டும். ஆண்கள் யாரும் நிற்கிற அளவுக்கு அங்கே இடமில்லை.

"நான் எறங்கறன்" என்றேன்.

"வேணாம்மா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அப்பனுக்கு நான் என்னா பதில் சொல்லுவன்?"

"தீயணைப்பு வர்ற வரைக்கும் அவரு மூச்சு தாங்காதுங்க மாமா."

அவர் என் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு பெரிய கல்லில் காலை உதைத்து உட்கார்ந்தார். நான் களைக்கொத்தோடு இறங்கினேன்.

கணவரின் முகம் பக்கத்தில் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு நீலம். "ஏன் புள்ள வந்த?" என்றார். நெஞ்சுக்கு முன்னால் இருந்த களியைக் கொத்தினேன். கொத்து இறங்கியது, ஆனால் வெளியே வரவில்லை. பிசைந்த மாவில் கரண்டி மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்துக் கையாலேயே தோண்டினேன். பிடி பிடியாக அள்ளினால் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அதைப் பலகையில் வழித்துவிட்டுத்தான் அடுத்த பிடி எடுக்க முடிந்தது. நடுவே காய்ந்த கட்டிகள் செங்கல் மாதிரி இருந்தன. அவற்றை உடைத்தால் உள்ளே கல். ஒரு கல்லை அவசரப்பட்டு இழுத்தேன். மேலேயிருந்து ஒரு கூடையளவு மண் சரிந்து அவர் கழுத்து வரைக்கும் மூடியது.

"பாத்து, பாத்து!" என்று மேலே எல்லோரும் கத்தினார்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கல்லையும் முதலில் அசைத்துப் பார்ப்பேன். தனியாக ஆடினால் எடுப்பேன். கூடவே மண்ணும் அசைந்தால் விட்டுவிடுவேன். நிரம்பிய சட்டியை அந்த அக்கா கயிற்றில் இழுத்து, காலிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டேதான் செய்தார். "என் குட்டிக்காக இப்பிடி ஆச்சே, சாமி, என் குட்டிக்காக" என்று அவர் முனகியது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பேசாமல் இருங்கள் என்று கத்த நினைத்தேன், கத்த மூச்சில்லை.

நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் மண்ணை எடுத்தபோது கணவர் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். இழுத்துவிட்டு இருமினார். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. அப்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கக் கையெல்லாம் களி.

தீயணைப்பு வண்டி வந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. குழுவை நடத்தி வந்த அலுவலர் பலகைகளின் மேல் படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "மேல ஏறி வாங்கம்மா, இனி நாங்க பாத்துக்கறோம்" என்றார். கணவர் என் கையைப் பிடித்திருந்தார். களியோடு ஒட்டியிருந்த அந்தப் பிடியை விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "இங்கதான் இருக்கறன், மேலதான்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அலுவலர் வானத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார். "மழை வந்தா கஷ்டம்" என்றார் மாமாவிடம்.

எனக்கு அந்த வில் வெடிப்புதான் கண்ணில் நின்றது. முந்தின நாள் தண்ணீர் எப்படிப் போனதோ அப்படித்தான் இன்றும் போகும். "மேல தார்ப்பாய் போடணுங்க. தண்ணி அந்த வெடிப்புல எறங்கவே கூடாது" என்றேன். அவர் உடனே தலையாட்டினார். "போடுங்க. ஆனா வெடிப்புக்குக் கீழ்ப் பக்கம் யாரும் காலு வெக்காதீங்க."

கடலை காயப்போடுகிற தார்ப்பாய்களை மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். வெடிப்புக்கு மேட்டுப் பக்கமிருந்து தார்ப்பாயை உதறி விரித்து, வெடிப்பு மூடும்படி இறக்கினோம். பறக்காமலிருக்கக் கல் வைத்தோம். கல்லுக்கா அங்கே பஞ்சம்? அதற்கும் மேலே, தண்ணீரை ஒதுக்கிவிட, மாமாவும் ஜேசிபி ஓட்டுநரும் சரிவுக்குக் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார்கள். கடப்பாறை கல்லில் பட்டுத் தீப்பொறி பறந்தது. ஒரு கல்லைப் பெயர்த்தால் அடியில் இன்னொரு கல். அரை வாய்க்கால்தான் வெட்டியிருப்பார்கள், முதல் துளிகள் விழுந்தன.

பெரிய பெரிய துளி. ஊசிப்புல்லில் படபடவென்று அடித்தது. தரை நனைந்த வேகத்தில் வழுக்க ஆரம்பித்தது. நான் தார்ப்பாயின் முனையைப் பிடிக்க ஓரடி எடுத்து வைத்தேன். கால் அப்படியே சறுக்கியது. அந்த அக்கா பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"பேடா! அங்க காலு வெக்காத! பேடா!"

நானும் அவரும் தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்துவிட்டோம். எங்கள் கனம்தான் அதைப் பிடித்துவைத்தது. மழை முதுகில் அடித்தது. பாதி வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் சேர்ந்து, விளிம்பு வரைக்கும் ஏறி, பிறகு மனமில்லாததுபோலப் பக்கவாட்டில் ஓடையைப் பார்த்துத் திரும்பியது. மாமா வாய்க்கால் முடிகிற இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவர் உடம்பே கரையாக நின்றது. வேட்டி, சட்டை எல்லாம் கருஞ்சாம்பல்.

குழிக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து வருகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். "ஜாக்கி குடு." "இன்னொரு கட்டை வை." "மெதுவா, மெதுவா." நடுவே கணவர் ஒருமுறை அலறினார். நான் எழுந்துவிட்டேன். தார்ப்பாய் காற்றில் படபடத்து எழும்பியது. "உக்காரு!" என்று மாமா படுத்த இடத்திலிருந்தே கத்தினார். உட்கார்ந்தேன். அதைவிடக் கஷ்டமான காரியத்தை என் வாழ்க்கையில் செய்ததில்லை.

கல்லைத் தூக்கிய பிறகும் கால் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். களி உறிஞ்சிப் பிடித்திருந்தது. இழுத்தால் முறிந்த எலும்பு இன்னும் பிசகிவிடும். அதனால் காலோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, கையால் களியை இளக்கி, விரலை நுழைத்து நுழைத்து விடுவித்திருக்கிறார்கள். எந்தத் தண்ணீர் மேலேயிருந்து உள்ளே போய்விடக் கூடாது என்று நாங்கள் தடுத்துக்கொண்டிருந்தோமோ, அதையே அவர்கள் கீழே அளந்து அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாரு!" என்று ஒரு குரல். பிறகு பல குரல்கள்.

ஸ்ட்ரெச்சரில் அவரைப் பார்த்தபோது கண் திறந்திருந்தது. உடம்பு முழுக்கக் களி பூசி, யாரோ மண்ணில் செய்துவைத்த உருவம் மாதிரி இருந்தார். மழை அவர் முகத்தைக் கழுவியது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பல் தந்தியடித்ததில் சொல் வரவில்லை.

ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் அடிவாரத்தில் சக்கரம் சுழன்று நின்றிருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். முன்னால் போகிறவர் சறுக்கினால் பின்னால் இருப்பவர் உட்கார்ந்துகொள்வார். மாமா செருப்பில்லாமல் முன்னால் நடந்து, எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக மிதித்துக் காட்டினார். அசையாத கல்லென்றால் "ம்" என்பார். அந்த "ம்"மைக் கேட்டுத்தான் எல்லோரும் அடியெடுத்து வைத்தார்கள். ஆம்புலன்ஸை ஆட்கள் தள்ளித் தார் ரோட்டில் ஏற்றிவிட்டார்கள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் காலுக்கு ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கெண்டைக்கால் எலும்புகள் இரண்டும் முறிந்திருந்தன. விலா எலும்பில் கீறல் விட்டிருந்தது. நெடுநேரம் நசுங்கிக் கிடந்ததால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சில நாட்கள் அந்தப் பயத்தில் போயின. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. குழி சரிந்ததற்கு மறுநாள் காலையில் மாமா கரட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். மிச்சச் சுவரும் ராத்திரியில் விழுந்து, முட்டுக் கொடுத்த கழிகளெல்லாம் தீக்குச்சி மாதிரி ஒடிந்து கிடந்ததாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் அதைச் சொன்னார். "வண்டிய ஏத்தியிருந்தன்னா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. டீ வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தேன்.

கணவர் நடக்க ஆரம்பிக்க மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போது நன்றாகவே நடக்கிறார். சம்மணம் போட்டு உட்கார மட்டும் முடியாது. கரட்டில் வீடு கட்டுவதை விட்டுவிட்டோம். மாமா தன் பங்கில் ரோட்டோரம் இருந்த செம்மண் துண்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, சரிவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். "உங்களுக்கு வூடு வேணும், எனக்கு ஆடு மேய்ச்சா போதும்" என்று சொல்லிவிட்டார். குழிகளையெல்லாம் கல்லையும் களியையும் போட்டு அவரே மூடினார். முதல் மழைக்கே போட்ட மண் உள்வாங்கியது. மறுபடி கொண்டுபோய்க் கொட்டினார். இப்போது எங்கே குழி இருந்தது என்று தெரியாத அளவுக்குப் புல் வந்துவிட்டது. அந்த அக்கா தன் ஆடுகளை இன்னும் அங்கேதான் ஓட்டுகிறார், ஆனால் அந்தப் பக்கம் விடமாட்டார். கோலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பார்.

செம்மண் வீட்டுக்குக் குடிவந்த முதல் மார்கழியில் நல்ல பனி. கணவருக்குக் கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்துப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் அதைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"குளிரலையாங்க?"

"குளிருது. ஆனா நெஞ்சு மேல ஒண்ணும் வேணாம் புள்ள."

அன்றிலிருந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார். போர்வையை இடுப்பு வரைக்கும்தான் போர்த்திவிடுகிறேன்.